'எங்கே படித்தால் என்ன?' என்று கேட்பவர் யார்?

மே மாதம் வந்தால் போதும், சமூகப்பணி முதுகலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல ஒரு கூட்டம் கிளம்பிவிடும். "எங்கே படித்தால் என்ன தோழர்? இது மருத்துவமா, பொறியியலா? மக்களோடு நிற்கிற மனசு இருந்தால் போதும். களம்தான் உண்மையான பல்கலைக்கழகம்." கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவரின் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் மும்பையிலோ டெல்லியிலோ சென்னையிலோ உள்ள பெயர்பெற்ற நிறுவனம் ஒன்று இருக்கும். ஏணியில் ஏறி மொட்டைமாடியில் நின்றுகொண்டு, கீழே நிற்பவர்களிடம் 'ஏணி எதற்கு, மனசு போதும்' என்பது என்ன வகை முற்போக்கு?

நான் அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்துக்காரி. சோழர் காலத்துப் புத்தர் சிலை இருக்கிற ஊர். அந்தப் புத்தரைப் பற்றி எங்கள் பள்ளியில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது வேறு கதை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சமூகப்பணி என்றால் திருச்சி. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகத்தில் துறை இருக்கிறது, பிஷப் ஹீபர் கல்லூரியில் இருக்கிறது. சிலருக்குச் சென்னை கிடைக்கும். எப்போதாவது ஒரு பிள்ளைக்கு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் கிடைக்கும். "அக்கா, பம்பாயிலயும் கெடச்சிருக்கு, திருச்சியிலயும் கெடச்சிருக்கு. வெறும் பேருக்காக அவ்ளோ தூரம் போவணுமா?" என்று ஒரு தங்கை கேட்டாள். வெறும் பேர். அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மருத்துவம் படித்தவர் எந்தக் கல்லூரியில் படித்தாலும் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தால் மருத்துவர். சட்டம் படித்தவர் பார் கவுன்சிலில் பதிவு செய்தால் வழக்கறிஞர். சமூகப்பணிக்கு இந்தியாவில் அப்படியொரு சட்டப்பூர்வமான தேசியக் கவுன்சில் இல்லை. பல ஆண்டுகளாகக் கோரிக்கை இருக்கிறது, மசோதா வரைவுகள் வந்து போயின, அவ்வளவுதான். 2021இல் வந்த துணை மருத்துவ, சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களை மட்டும் தன் அட்டவணைக்குள் இழுத்துக்கொண்டது. மற்ற அத்தனை பேருக்கும், அதாவது குழந்தைகள் பாதுகாப்பு, ஊரக வளர்ச்சி, தொழிலாளர் நலம், மகளிர் நலம் என்று போகிறவர்களுக்கு, பதிவும் இல்லை, உரிமமும் இல்லை, பொதுத் தகுதித் தேர்வும் இல்லை.

உரிமம் இல்லாத தொழிலில் உரிமத்தின் இடத்தில் என்ன வந்து உட்காரும்? கல்லூரியின் பெயர். தொண்டு நிறுவனங்களின், பெருநிறுவன அறக்கட்டளைகளின் வேலை விளம்பரங்களைப் படித்தவர்களுக்கு ஒரு சொற்றொடர் பழகியிருக்கும்: 'புகழ்பெற்ற நிறுவனத்தில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள் விரும்பத்தக்கவர்கள்'. எது புகழ்பெற்றது? யாரிடம் புகழ் பெற்றது? பட்டியல் எங்கேயும் இல்லை. அது நேர்முகத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குள் இருக்கிறது; அவர்கள் படித்த இடம் அதில் முதலாவதாக இருக்கிறது.

அமெரிக்காவில் சமூகப்பணி படிக்கப் போகும் மாணவர்களுக்கு மூத்தவர்கள் சொல்கிற வழக்கமான அறிவுரை வேறு மாதிரி இருக்கும். அங்கீகாரம் பெற்ற பள்ளியா என்று பார், அப்படியென்றால் எது மலிவோ அதில் சேர், கடன் வாங்காதே என்பார்கள். காரணம், அங்கே சமூகப்பணிக் கல்விக்கென்று தனி அங்கீகாரக் குழு இருக்கிறது, அதன்பிறகு மாநில உரிமத்துக்கான தேர்வு இருக்கிறது. இரண்டையும் தாண்டியவரிடம் 'எந்தப் பள்ளி' என்ற கேள்வியின் கூர் மழுங்கிவிடுகிறது. (அங்கே நிறவெறி இல்லை என்று சொல்ல வரவில்லை. அதற்கு அட்லாண்டா கதை ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன்.) அந்த நாட்டு அறிவுரையை மட்டும் பிய்த்து எடுத்து வந்து, 'சமூகப்பணியில் பள்ளியின் பெயர் முக்கியமில்லை என்று உலகமே சொல்கிறது' என்று இங்கே ஒட்டுகிறார்கள். அந்த அறிவுரை நிற்கிற தரை இங்கே இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். இந்தத் தொழிலின் பெரும்பகுதி இடஒதுக்கீடு இல்லாத பகுதி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரவுள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. அதிலிருந்து சமூகப்பணிப் பட்டதாரிகளுக்கு ஒரு புதிய வேலைச் சந்தை உருவானது. எங்கள் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகளுக்குக் குறைவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கம் நிலத்தைத் தின்கிறது, லாரி சாலையைத் தின்கிறது, பிறகு அதே பணத்தில் ஒரு பகுதி கண் சிகிச்சை முகாமாகவும் பள்ளிக்கூடக் கழிப்பறையாகவும் திரும்பி வருகிறது. இந்தப் பணத்தின் 'பயனாளிகள்' யார்? பெரும்பாலும் எங்கள் தெருக்கள்தான். இந்தப் பணத்தை எங்கே செலவிடலாம் என்று முடிவெடுக்கும் மேலாளர் நாற்காலிக்கு இடஒதுக்கீடு உண்டா? கிடையாது. பன்னாட்டு நன்கொடையில் நடக்கும் தொண்டு நிறுவனங்களில் உண்டா? கிடையாது. நம்மைப் பற்றிய வேலை, நம் தெருவில் நடக்கும் வேலை, நம் பெயரைச் சொல்லி வாங்கும் நிதி. ஆனால் ஆள் எடுக்கும்போது மட்டும் 'தகுதி'. அந்தத் தகுதியின் சுருக்கெழுத்துதான் நிறுவனத்தின் பெயர்.

ஆகவே தங்கையிடம் நான் பொய் சொல்லவில்லை. பெயர் முக்கியம்தான். குறிப்பாக நமக்கு முக்கியம். ஒரு ஆதிக்கச் சாதிப் பிள்ளை சாதாரணக் கல்லூரியில் படித்தாலும் அவனுக்கு மாமா ஒருவர் இருப்பார், அப்பாவின் நண்பர் ஒருவர் இருப்பார், 'நம்ம பையன்' என்று ஒரு தொலைபேசி அழைப்பு போகும். அவனுக்கு உறவுமுறையே பரிந்துரைக் கடிதம். நம் பிள்ளைக்கு அந்த அழைப்பைச் செய்ய யாரும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவும் கொத்து வேலைக்குப் போகும் அப்பாவும் யாரை அழைப்பார்கள்? அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே 'பின்புலம்' அந்தப் பட்டத்தாளின் உச்சியில் அச்சடித்திருக்கும் பெயர்தான். 'வெறும் பேர்' என்று அதை உதறச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பேர் இல்லாதவர்களிடம் போய்ப் பேராசை கூடாது என்று உபதேசம் செய்வதற்கு இந்த நாட்டில் நீண்ட மரபு இருக்கிறது.

குழுமூர் அனிதாவை மறந்துவிட்டோமா? எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. 1200க்கு 1176. நீட் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம்வரை போய்விட்டு வந்து, 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனாள். 'டாக்டர்தான் ஆக வேண்டுமா, வேறு படிப்பே இல்லையா?' என்று அப்போது கேட்டவர்களின் குரலும், 'எங்கே படித்தால் என்ன?' என்கிற இந்தக் குரலும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. நம் பிள்ளைகள் எதற்கு ஆசைப்பட வேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோ அளந்து கொடுக்கிறார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, 'அப்படியானால் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் போதும்' என்று முடித்துவிடலாமா? அங்கேதான் இரண்டாவது மோசடி தொடங்குகிறது. பெயர் கதவைத் திறக்கும் என்பது உண்மை. பெயருள்ள இடத்தில் சமூகப்பணி நன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்பது வேறு கூற்று. அதற்கு ஆதாரம் கேட்க வேண்டும்.

இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. அதன் முதல் பெயர் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப் பள்ளி. நாக்பாடா பகுதியில் அண்டை வீட்டு மையம் நடத்திய அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர். 1944இல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாகப் பெயர் மாறியது, 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. தெற்கே 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். இந்த வரலாற்றைச் சமூகப்பணி மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள், தேர்வில் கேட்பார்கள்.

தேர்வில் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதே 1936இல், அதே பம்பாயில், வேறு என்ன நடந்தது? 'சாதியை அழித்தொழிக்கும் வழி' என்று நாம் வாசிக்கிற உரையை, லாகூர்க்காரர்கள் கூட்டத்தையே ரத்து செய்துவிட்டதால், அண்ணல் அம்பேத்கர் அந்த ஆண்டு மே மாதம் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதே மாதக் கடைசியில் தாதர் பக்கம் நைகாவில் மகர் மாநாடு கூடியது; மதமாற்றம் ஏன் என்று அங்கே பேசினார். ஒரே நகரம், ஒரே ஆண்டு. ஒரு பள்ளியில் ஏழைகளுக்கு எப்படி முறையாகச் சேவை செய்வது என்று பாடம் தொடங்குகிறது. சில மைல் தூரத்தில் ஒரு மனிதர், அந்த ஏழ்மையைப் பிறப்பிலேயே பங்கிட்டுக் கொடுக்கிற அமைப்பை எப்படி உடைப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தியச் சமூகப்பணிக் கல்வி இவற்றில் எதைத் தன் பிறப்புக் கதையாகத் தேர்ந்துகொண்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் படித்த முதுகலையில் சமூகப்பணியின் வரலாறு லண்டனில் 1869இல் தொடங்கிய அறச்செயல் ஒழுங்கமைப்புச் சங்கத்தில் ஆரம்பித்து, சிகாகோவில் ஜேன் ஆடம்ஸின் ஹல் ஹவுஸைத் தொட்டு, ராம் மோகன் ராய், காந்தி, வினோபா என்று இறங்கும். அம்பேத்கர் ஒரு பத்தி. பெரியார் அரை வரி. அயோத்திதாசப் பண்டிதர் இல்லவே இல்லை. பஞ்சமர் பள்ளிகள் இல்லை, எல்.சி. குருசாமியின் இரவுப் பள்ளிகள் இல்லை. நம் சேரிகளில் நம்மவர்கள் நடத்திய பணிக்கு அந்தப் பாடத்திட்டத்தில் 'சமூகப்பணி' என்ற பெயர் கிடையாது. வெளியிலிருந்து வந்து செய்தால்தான் அது பணி. உள்ளேயிருந்து செய்தால் அது 'அரசியல்'.

பாடத்திட்டம் தொடாத ஒரு கடிதத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தீண்டாமை ஒழிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது, பின்னாளில் ஹரிஜன் சேவக் சங்கமானது. அதன் பொதுச் செயலாளர் ஏ.வி. தக்கருக்கு, மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், 1932 நவம்பர் 14 அன்று கப்பலிலிருந்து எழுதினார். சமூகப்பணியில் இரண்டு பார்வைகள் உண்டு என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, மனிதன் துன்பப்படுவதற்கு அவன் நடத்தைதான் காரணம் என்று நம்பி, குடியை விடு, உடற்பயிற்சி செய், நூலகம் போ என்று தனிமனிதரைத் திருத்தக் கிளம்புவது. மற்றொன்று, அவன் வாழ்கிற சூழல்தான் காரணம் என்று கண்டு சூழலை மாற்றக் கிளம்புவது. சங்கம் முதல் வழியில் சக்தியை வீணாக்கக் கூடாது என்கிறார். பொதுக்கிணறு, பள்ளி, பொதுவழி, பொது வண்டி ஆகியவற்றில் குடியுரிமையை நிலைநாட்டும் போராட்டம் வேண்டும். அதில் கலவரம் வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்கிறார். பருத்தி ஆலைகளின் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு வேலை மறுக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, வாய்ப்பில் சமத்துவம் கேட்கிறார். ஊழியர்களை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் சொல்கிறார்: கூலிக்கு மாரடிப்பவர்களை வைத்து இதைச் செய்ய முடியாது, பாதிக்கப்பட்ட மக்களிடமிருந்தே ஊழியர்கள் வந்தால்தான் அந்தப் பணியில் அன்பு இருக்கும். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில்கூட வரவில்லை என்பதைப் பின்னாளில் அவரே எழுதினார்.

இந்தியாவில் சமூகப்பணிக் கோட்பாடு என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால், முதல் பள்ளி திறக்க நான்கு ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட இந்தக் கடிதம் அதன் முதல் பாடமாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பாடநூல்கள் தனிநபர் பணியா, சமூகச் செயல்பாடா என்று விவாதிப்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். அதே விவாதத்தை நம் மண்ணில், கிணற்றையும் நெசவுப் பிரிவையும் வைத்து நடத்திய மனிதரைப் படிக்கவில்லை.

களப்பணி எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், 'களம்தான் பல்கலைக்கழகம்' என்பவர்களுக்காக. முதுகலையில் கிராம முகாம் கட்டாயம். எங்கள் வகுப்பு ஒரு கிராமத்துக்குப் போனது. ஊர்ப்பள்ளியில் தங்கினோம். ஊரகப் பங்கேற்பு மதிப்பீடு என்று தரையில் கோலமாவில் ஊர் வரைபடம் போட வைப்பார்கள். மக்களே வரைந்தார்கள். கோயில், குளம், பால் சொசைட்டி, தெருக்கள் எல்லாம் வந்தன. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் காலனி வரவில்லை. நான் கேட்டேன். வரைந்துகொண்டிருந்த பெரியவர் சாதாரணமாகச் சொன்னார்: "அது ஊர்ல சேராதும்மா." அந்த ஒரு வாக்கியத்தில் இந்தியச் சமூகவியல் முழுவதும் இருக்கிறது. எங்கள் அறிக்கையில் அது வரவில்லை. 'மக்களின் ஆர்வமான பங்கேற்பு' என்று வந்தது. முகாமின் கடைசி நாள் தெருக்கூட்டல், மரக்கன்று நடுதல், நாடகம், நன்றியுரை. களம் பல்கலைக்கழகமாக இருக்கலாம். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லையென்றால், இரண்டு ஆண்டுகள் வாரம் இரண்டு நாள் போய்வந்தாலும் காலனி வரைபடத்தில் வராது.

பெயருள்ள நிறுவனத்தில் மட்டும் அது வந்துவிடுமா? நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மும்பை நிறுவனத்தில் சமூகப்பணி முதுகலைக்குள் தலித், பழங்குடி ஆய்வும் செயல்பாடும் என்று ஒரு சிறப்புப் பிரிவே நடந்தது. உள்ளே இருந்த நம்முடைய ஆசிரியர்களும் மாணவர்களும் பிடிவாதமாக உருவாக்கிய இடம் அது. சாதி எதிர்ப்புச் சமூகப்பணி என்று தைரியமாக எழுத முடிந்தது அங்கேதான். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் அதே நிறுவனத்தில்தான், மத்திய அரசின் போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையை நம்பி வந்த மாணவர்களிடம் விடுதிக் கட்டணத்தையும் உணவுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னதை எதிர்த்து, 2018 பிப்ரவரி 21 முதல் மும்பை, துல்ஜாப்பூர், ஐதராபாத், குவாஹாட்டி என நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கல்வி உதவித்தொகை எப்போது வரும் என்று நமக்குத் தெரியும். படித்து முடித்த பிறகுகூட வரும். அதுவரை கையிலிருந்து கட்டு என்றால் யாரிடம் சொல்கிறார்கள்? கதவில் 'எல்லோரும் வரலாம்' என்று எழுதி, வாசற்படியை மட்டும் இரண்டடி உயர்த்திக் கட்டுவதுதான் இது.

2024 ஏப்ரலில் கேரளத்தைச் சேர்ந்த தலித் ஆய்வு மாணவர் ராமதாஸ் பிரினி சிவானந்தனை அதே நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. புதிய கல்விக் கொள்கைக்கு எதிரான நாடாளுமன்றப் பேரணியில் கலந்துகொண்டதும், ஓர் ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்லிப் பதிவிட்டதும் காரணங்களில் அடக்கம். மும்பை உயர் நீதிமன்றம் தலையிடவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் தண்டனைக் காலத்தைக் குறைத்து அவர் படிப்பைத் தொடர வழிவிட்டது. சமூகத்தை மாற்றும் தொழிலைக் கற்பிக்கிற இடத்தில் பேரணிக்குப் போனால் தண்டனை. மரக்கன்று நட்டிருந்தால் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்.

பெயர் நம்மைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு 1917 பரோடா ஒன்றே போதும். கொலம்பியாவில் படித்துவிட்டுத் திரும்பிய அம்பேத்கர் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கி, தெரிந்தபோது தடியோடு வந்தவர்கள் துரத்தினார்கள். உலகின் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றின் பெயர் அவருக்கு ஒரு அறையைக்கூட வாங்கித்தரவில்லை. ஆனால் அந்தப் பட்டங்கள் இல்லாமல் வட்டமேசையில் அவரை உட்கார வைத்திருப்பார்களா? இரண்டும் ஒரே மனிதருக்கு நடந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

இப்போது அட்லாண்டா. வெள்ளையர் பள்ளிகளின் கதவுகள் கறுப்பின மாணவர்களுக்குச் சாத்தப்பட்டிருந்த தெற்கில், 1920இல் கறுப்பினச் சமூகப்பணியாளர்களை உருவாக்க அட்லாண்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1922 முதல் 1927 வரை அதை வழிநடத்தியவர் இ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர். நிறவெறியை ஒரு மனநோய்க்கு ஒப்பிட்டு 1927இல் அவர் எழுதிய கட்டுரைக்காக வெள்ளையர்கள் கொலைமிரட்டல் விட, ஊரைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அதே ஃபிரேசியர் 1948இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பள்ளியின் முதல்வராக 1954இல் பொறுப்பேற்ற விட்னி யங், பின்னாளில் அமெரிக்கச் சமூகப்பணியாளர்களின் தேசியச் சங்கத்துக்கே தலைவரானார். அந்தப் பள்ளிக்கு யாரும் பெயரைத் தானமாகக் கொடுக்கவில்லை. கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பாடமாக வைத்து, கறுப்பின ஆசிரியர்களை வைத்து, அங்கீகாரத்துக்காகவும் போராடி அந்தப் பெயரைச் செய்தார்கள். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் சமூகப்பணித் துறைகளை அப்படிச் செய்ய முடியாது என்று யார் முடிவு செய்தது?

என் கோபம் உண்மையில் இங்கேதான். மும்பைமீது இருப்பதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவற்றைக் கைவிட்டவர்கள்மீதுதான் அதிகம். காலியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிற துறைகள். ஒரே ஆசிரியர் தலையில் களப்பணி மேற்பார்வைக்கு இத்தனை மாணவர் என்று கட்டிவிடுவதால், வாராந்திர அறிக்கையில் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற நிலை. மனிதவள மேலாண்மைப் பிரிவுக்குத்தான் வேலை என்று சொல்லி, ஆண்டுக்கு ஆண்டு சமுதாய வளர்ச்சிப் பிரிவில் ஆள் குறைவது. இவை பற்றி 'எங்கே படித்தால் என்ன' தோழர்கள் ஒரு அறிக்கை விட்டதுண்டா? எங்கே படித்தாலும் ஒன்றுதான் என்று உண்மையிலேயே நம்பினால், ஒன்றாக ஆக்குவதற்குத்தானே முதலில் போராட வேண்டும்?

ஒரு சோதனை வைக்கிறேன். 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். எங்கள் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. சின்னம் பானை என்பதால் பானையை உடைத்ததில் தொடங்கியது. மறுநாள் அங்கே போகும் ஒரு சமூகப்பணியாளருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று தெரிய வேண்டும். 1995 விதிகளின்படி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து பார்க்க வேண்டும், ஏழு நாட்களுக்குள் நிவாரணம் தர வேண்டும் என்று தெரிய வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிமீது 4ஆம் பிரிவு பாயும் என்று தெரிய வேண்டும். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியதா என்று கேட்கத் தெரிய வேண்டும். உடைந்த ஓட்டையும் கிழிந்த ரேஷன் அட்டையையும் பட்டியலிடத் தெரிய வேண்டும். சாட்சி சொல்லப் போகிற அக்காவுக்கு நாளைக்கு வயலில் வேலை கிடைக்காது என்பதும் தெரிய வேண்டும்.

'நெருக்கடித் தலையீடு' பற்றி நான் எழுதிய தேர்வில் இவற்றில் ஒன்றுகூட வரவில்லை. இவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கட்சிக்காரர்கள், வழக்கறிஞர்கள், பத்தாம் வகுப்பு தாண்டாத பெண்கள் இயக்கத் தோழர்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமைக்கு எதிராக நாடு முழுவதும் ஆவணங்களைச் சேர்த்த பெசவாடா வில்சன் கோலார் தங்கவயலில் அந்தத் தொழிலுக்குள் தள்ளப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். 2016இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. அவரைப் பற்றிச் சமூகப்பணி மாணவர்கள் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கலாம். அவரோடு மலம் அள்ளும் வேலையை உதறி வந்த ஒரு பெண்ணைச் சமூகப்பணித் துறையில் பாடம் நடத்த நாற்காலி போட்டு அழைக்கும் கல்லூரி எது?

இதற்காகப் 'பட்டமே வேண்டாம், இயக்கமே போதும்' என்ற பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், ஒருங்கிணைந்த சேவை மையத்தில், மருத்துவமனை ஆலோசகர் அறையில் உட்காருவதற்குப் பட்டம் கேட்கிறார்கள். 2017 மனநலச் சட்டப்படி மனநலச் சமூகப்பணியாளராக எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு ஆண்டு எம்.ஃபில். வேண்டும். அந்த நாற்காலிகளில் நம்மவர் இல்லையென்றால், காலனியிலிருந்து வரும் சிறுமியின் வழக்கில் 'குடும்பச் சூழல் சரியில்லை' என்று எழுதுகிற பேனா வேறு கையில் இருக்கும்.

தங்கைக்கு நான் சொன்னதை அப்படியே தருகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்காக. பம்பாய்க்குப் போ, ஆனால் ஒரு கணக்குப் போட்டுவிட்டுப் போ. உதவித்தொகை வரும்வரை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கேட்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. கேட்பார்கள் என்றால் அந்த முதல் ஆறு மாதத்துக்குக் கந்துவட்டி இல்லாமல் பணம் புரளுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசு. அங்கே ஏற்கெனவே படிக்கிற நம் மாணவர்களைத் தேடிப்பிடி, எஸ்.சி., எஸ்.டி. பிரிவு அலுவலகம் இயங்குகிறதா, பெயர்ப்பலகை மட்டுமா என்று அவர்கள்தான் சொல்வார்கள். ஆங்கிலம் பற்றிப் பயப்படாதே, அது ஆறு மாத வேலை. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் திருச்சியில் சேர். அது தோல்வி இல்லை, தியாகமும் இல்லை. சேர்ந்த முதல் வாரமே களப்பணி மேற்பார்வையாளர் யார், எந்த அமைப்புக்கு அனுப்புவார்கள் என்று கேள். சட்ட உதவி மையமோ, கொத்தடிமை மீட்பில் வேலை செய்யும் அமைப்போ கேட்டு வாங்கு. ஆய்வேட்டுக்குச் சுயஉதவிக்குழு என்று சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதே.

நாம் செய்ய வேண்டியது தனி. வேலை விளம்பரத்தில் 'புகழ்பெற்ற நிறுவனம்' என்று போடுகிற ஒவ்வொரு அமைப்பிடமும், முக்கியமாகத் தலித் மக்களின் பெயரில் நிதி வாங்கும் அமைப்புகளிடம், அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுத வேண்டும். உங்கள் இயக்குநர் குழுவில் எத்தனை பேர் நம்மவர் என்றும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும். அரசு ஒப்பந்தப் பணிகளுக்குக் கல்லூரிப் பெயரை மறைத்து எழுத்துத் தேர்வு வேண்டும், தமிழில் எழுத உரிமை வேண்டும், இடஒதுக்கீடு வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகச் சமூகப்பணித் துறைகளின் காலியிடப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வெளியிட வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கட்டாயப் பாடமாக்கக் கோரிப் பாடத்திட்டக் குழுக்களுக்கு மனு போக வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அதைத்தான் இரண்டு ஆண்டுகள் படித்தோம்.

அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.